காருக்கு அடியில் ஒரு கறுப்பு வட்டம்

பழைய கார் வைத்திருக்கும் வீட்டைக் கண்டுபிடிக்கக் காரைப் பார்க்க வேண்டியதில்லை. கார் நிறுத்தும் இடத்துச் சிமெண்டுத் தரையைப் பார்த்தாலே போதும். உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்பு வட்டம் இருக்கும். சில வீடுகளில் அதன்மேல் அட்டைப் பெட்டியைப் பிரித்துப் போட்டிருப்பார்கள். சில வீடுகளில் பழைய நாளிதழ். இந்த ஞாயிறு மலரும் ஏதோ ஒரு வீட்டில் அந்தத் திருப்பணியைச் செய்துகொண்டிருக்கலாம். வருத்தமில்லை, படித்த பிறகு போட்டால் சரி.

அந்தக் கறுப்பு வட்டத்தைப் பற்றி எல்லா வீட்டிலும் இரண்டு கட்சிகள் உண்டு. "பழைய காடின்னா மின்யாக் ஹீத்தாம் ஒழுகத்தான் செய்யும், விடு" என்பது ஒரு கட்சி. "எஞ்சின் போச்சு, வந்த விலைக்குத் தள்ளிவிடு" என்பது இன்னொரு கட்சி. இரண்டு கட்சியும் காருக்கு அடியில் குனிந்து பார்த்ததில்லை.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. நம் நாட்டின் முதல் தேசியக் காரான புரோட்டோன் சாகா, 1985 ஜூலை 9ஆம் தேதி அறிமுகமானது. நாற்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. மிட்சுபிஷி லான்சர் ஃபியோரேயை அடிப்படையாகக் கொண்டு ஷா ஆலாமில் தயாரான அந்தக் கார், ஏராளமான தமிழ்க் குடும்பங்களுக்கு முதல் கார். பெயரைப் போட்டி வைத்துத் தேர்ந்தெடுத்தார்கள். சாகா என்பது சிவப்பு நிற விதை ஒன்றின் மலாய்ப் பெயர். நாம் அதை ஆனைக்குன்றிமணி என்போம், மஞ்சாடி என்போம். அந்தக் காலத்துப் பொற்கொல்லர்கள் பொன்னை நிறுத்துப் பார்க்க வைத்திருந்த விதை அது. அப்படிப்பட்ட பெயர் கொண்ட காரைச் சரியாக எடைபோட்டுப் பார்க்காமல் பழைய இரும்புக்குப் போடலாமா?

எங்கள் வீட்டில் அந்த நிலை வந்தது. அப்பா 1988இல் வாங்கிய 1.3 லிட்டர் சாகா. தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் பார்த்துச் சேர்த்த பணத்தில் வாங்கியது. நான் பள்ளிக்குப் போனது, அக்காவின் கல்யாணத்துக்குப் பூமாலை ஏற்றி வந்தது, பாட்டியைக் கடைசியாக மருத்துவமனைக்குக் கொண்டுபோனது எல்லாம் அதில்தான். சென்ற ஆண்டு எண்ணெய் ஒழுகல் அதிகமானது. வீட்டுக்கு அருகிலுள்ள ஒரு பட்டறையில் காட்டினோம். பத்து நிமிடம் பார்த்தார்கள். "எஞ்சினை இறக்கி ஓவர்ஹால் செய்யணும் அங்கிள், 4,000 ரிங்கிட் ஆகும். இந்தக் காடிக்கு அவ்வளவு செலவு செய்றதுக்குப் பதிலா ஸ்கிராப்புக்குப் போடலாம்" என்றார்கள்.

அப்பா எதுவும் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் டேஷ்போர்டில் ஒட்டியிருந்த முருகன் படத்தை எடுத்துத் துடைத்துப் பூஜை அறையில் வைத்தார். "வேண்டாம்மா, அது உழைச்ச வரைக்கும் போதும்" என்றார். அவருக்கு எழுபது வயது. அந்தப் பேச்சு காரைப் பற்றி மட்டும் இல்லை என்று எனக்குப் பட்டது.

எனக்கு எஞ்சின் தெரியாது. ஆனால் வானொலியில் வேலை செய்பவளுக்கு ஒன்று தெரியும். ஒலிபரப்பில் இரைச்சல் கேட்டால் நாங்கள் ஸ்பீக்கரைக் கழற்றுவதில்லை. இரைச்சல் கேட்கும் இடம் அது, பிறந்த இடம் வேறு. மைக்கிலிருந்து தொடங்கி ஒவ்வொரு கம்பியாகப் பார்த்துக்கொண்டு வருவோம். எண்ணெய்க் கசிவும் அப்படித்தான் என்று பிறகு புரிந்தது. பூச்சோங்கில் முப்பது ஆண்டுகளாகப் பழைய கார் பார்க்கும் ஓர் அண்ணனிடம் காரைக் கொண்டுபோனேன். அவர் செய்ததையும் சொன்னதையும் வரிசையாகத் தருகிறேன். பெரும்பாலானவை வீட்டிலேயே பார்க்கக்கூடியவை.

முதலில், அது எண்ணெய்தானா?

ஒரு வெள்ளை அட்டையை இரவில் காருக்கு அடியில் விரியுங்கள். முன் சக்கரங்கள் இருக்கும் இடத்தை அட்டையில் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் என்ன விழுந்திருக்கிறது, எங்கே விழுந்திருக்கிறது என்று பாருங்கள்.

நிறமே இல்லாமல், பிசுபிசுப்பு இல்லாமல் இருந்தால் அது ஏர்கோனிலிருந்து சொட்டும் தண்ணீர். நம் ஊர் வெயிலுக்கு அது இயல்பு. பச்சையாகவோ ரோஜா நிறத்திலோ இருந்து லேசாக இனிப்பு வாசம் வந்தால் ரேடியேட்டர் குளிர்விப்பு நீர். சிவப்பாக இருந்தால் பெரும்பாலும் தானியங்கி கியர்பாக்ஸ் எண்ணெய் அல்லது பவர் ஸ்டீரிங் எண்ணெய். சக்கரத்தின் உட்பக்கத்தில் வெளிர் மஞ்சளாக, வழுக்கலாக இருந்தால் பிரேக் எண்ணெய். அப்படியானால் காரை எடுக்கவே வேண்டாம், பட்டறைக்காரரை வீட்டுக்குக் கூப்பிடுங்கள். பழுப்பும் கறுப்புமாக இருந்தால்தான் எஞ்சின் எண்ணெய். மேனுவல் கியர்பாக்ஸ் எண்ணெயும் பழுப்பாக இருக்கும். ஆனால் அதற்கு மூக்கைத் துளைக்கும் கந்தக வாடை உண்டு.

எவ்வளவு போகிறது?

வட்டத்தைப் பார்த்துப் பயப்படுவதற்கு முன் அளவைப் பாருங்கள். தரை மட்டமான இடத்தில், எஞ்சினை நிறுத்தி ஐந்து நிமிடம் கழித்து, அளவுகோலை உருவித் துடைத்து மீண்டும் விட்டு எடுங்கள். தேதியையும் கிலோமீட்டரையும் குறித்து வையுங்கள். வாரம் ஒரு முறை இப்படிப் பார்த்தால் ஒரு மாதத்தில் உண்மை தெரிந்துவிடும்.

ஒரு கணக்கு பாருங்கள். ஏறக்குறைய 20 துளி சேர்ந்தால் ஒரு மில்லி லிட்டர். இரவில் 20 துளி விழுந்தால் மாதத்துக்கு 30 மில்லி, ஒரு சின்ன இருமல் மருந்துப் பாட்டில் கூட நிறையாது. தரையில் பரவும்போதுதான் அது பூதாகரமாகத் தெரிகிறது. ஆனால் ஓடும்போது எஞ்சினுக்குள் எண்ணெய் அழுத்தத்தில் இருக்கிறது. நிற்கும்போது சொட்டுவதைவிட ஓடும்போது அதிகமாகப் போகலாம். அதனால் தரையை நம்பாதீர்கள், அளவுகோலை நம்புங்கள்.

தரையில் ஒரு துளியும் இல்லாமல் அளவு மட்டும் குறைகிறதா? பின்னால் புகைக்குழாயில் நீலப் புகை வருகிறதா என்று பாருங்கள். அது கசிவு இல்லை. எஞ்சின் எண்ணெயைக் குடிக்கிறது. அது வேறு நோய், வேறு மருந்து.

கழுவாமல் கண்டுபிடிக்க முடியாது

பூச்சோங் அண்ணன் முதலில் ஸ்பேனரைத் தொடவில்லை. எஞ்சினைக் கழுவினார். "அழுக்கு எஞ்சினில் எந்த எண்ணெய் நேத்து வந்தது, எது பத்து வருஷத்துக்கு முந்தினது, எப்படிம்மா தெரியும்?" என்று கேட்டார். முதல் பட்டறையில் செய்யாமல் விட்டது இதைத்தான்.

எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டர், கார்புரேட்டர் வாய், ஆல்டர்னேட்டர் ஆகியவற்றைப் பிளாஸ்டிக் பையால் மூடிக் கட்டிவிட்டு, எண்ணெய்ப் பிசுக்கை நீக்கும் திரவத்தைத் தெளித்து, தூரிகையால் தேய்த்து, மெல்லிய தண்ணீரில் கழுவ வேண்டும். கார் வாஷ் கடையில் உள்ள வேகமான பீய்ச்சலைப் பழைய எஞ்சின்மேல் காட்டினால் எண்ணெய்க் கசிவோடு ஸ்டார்ட் ஆகாத வியாதியும் சேர்ந்துகொள்ளும்.

காய்ந்ததும் இருபது நிமிடம் ஓட்டிவிட்டு வந்து, எஞ்சினை அணைத்துவிட்டு, டார்ச் விளக்கோடு மேலிருந்து கீழாகப் பாருங்கள். எண்ணெய் புவியீர்ப்பில் கீழே இறங்கும். ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும். எனவே நனைந்த இடங்களில் எது மிக உயரத்தில் இருக்கிறதோ, எது மிக முன்னால் இருக்கிறதோ, அதுதான் ஊற்றுக்கண். கீழே சொட்டுகிற இடம் வெறும் கடைமடை.

அப்படியும் தெரியவில்லையா? கழுவிக் காய்ந்த பகுதியில் முகத்துக்குப் போடும் டால்கம் பவுடரைத் தூவி ஓட்டிப் பாருங்கள். எண்ணெய் வழி வெள்ளையில் கோடு போட்டதுபோல் தெரியும். பட்டறைகளில் இன்னொரு வழி உண்டு. எண்ணெயோடு ஒளிரும் சாயம் ஒன்றைக் கலந்து ஓட்டிவிட்டு, புற ஊதா விளக்கை அடித்தால் கசியும் இடம் மஞ்சள் பச்சையாகப் பளிச்சிடும்.

மலிவானதிலிருந்து தொடங்குங்கள்

பழைய எஞ்சினில் கசியும் இடங்கள் புதிரல்ல, ஒரு பட்டியலில் அடங்கும். மேலே வால்வ் கவர் கேஸ்கெட். எஞ்சினின் தலையில் உள்ள மூடிக்கும் உடம்புக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் அல்லது கார்க். வருடக்கணக்கில் சூடேறி அது கல்லாகிவிடும். நகத்தால் அழுத்திப் பாருங்கள், தடம் பதியாவிட்டால் அது தன் வேலையை நிறுத்திவிட்டது என்று அர்த்தம். மூடியின் போல்ட்டை இன்னும் இறுக்கினால் சரியாகிவிடும் என்று பலர் முறுக்குவார்கள். கார்க் பிளந்துபோகும், மெல்லிய மூடி வளைந்துபோகும், கசிவு கூடும்.

அடுத்து டிஸ்ட்ரிபியூட்டர் எஞ்சினில் நுழையும் இடத்திலுள்ள ரப்பர் வளையம். சில ரிங்கிட்டில் கிடைக்கும் பொருள், ஆனால் எஞ்சினின் ஒரு பக்கத்தையே நனைத்துவிடும். கார்புரேட்டர் எஞ்சின்களில் பெட்ரோல் பம்ப் பொருத்திய இடம். எண்ணெய் அழுத்தத்தைக் காட்டும் சின்ன சுவிட்ச். ஆயில் ஃபில்டர், முக்கியமாகப் பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் ஒட்டிக்கொண்டிருக்க, அதன்மேலேயே புதியதை மாட்டியிருந்தால் ஒழுகல் நிச்சயம். கீழே எண்ணெய் வடிக்கும் போல்ட்டின் வாஷர். பிறகு எண்ணெய்த் தொட்டியின் விளிம்பு.

இவை எல்லாம் எஞ்சினை இறக்காமல் சரிசெய்யக்கூடியவை. இவற்றையெல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் பெரிய வேலைகளின் பக்கம் போக வேண்டும். டைமிங் பெல்ட்டுக்குப் பின்னால் உள்ள முன் சீல்கள், எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் இடையில் உள்ள பின் சீல். பின் சீலை மாற்றக் கியர்பாக்ஸைக் கழற்ற வேண்டும். சீலின் விலை கொஞ்சம், கூலிதான் கூட. ஒருவேளை அது தேவைப்பட்டால் கிளட்ச் தட்டையும் அதோடு சேர்த்துப் பார்த்துவிடுங்கள். ஒரே கூலியில் இரண்டு வேலை.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் சொட்டினால் உடனே "பின் சீல் போச்சு" என்று தீர்ப்பு வந்துவிடும். மேலே வால்வ் கவரில் கசிந்த எண்ணெய் எஞ்சினின் முதுகு வழியாக இறங்கி அதே இடத்தில்தான் சொட்டும். எங்கள் சாகாவில் நடந்தது அதுதான்.

குக்கர் விசில் அடைத்துக்கொண்டால்

பட்டியலில் இல்லாத ஒன்றை அண்ணன் கடைசியில் காட்டினார். எனக்கு இதுதான் முக்கியப் பாடமாகப் பட்டது.

எஞ்சினுக்குள் எரியும் வாயுவில் கொஞ்சம் பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழே இறங்கும். எல்லா எஞ்சினிலும் இது உண்டு. அந்த வாயு வெளியேற ஒரு ரப்பர்க் குழாயும், பி.சி.வி. எனப்படும் சின்ன வால்வும் இருக்கும். அந்த வழி கரிப் பிசுக்கால் அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறும். விசில் அடைத்துக்கொண்ட குக்கரில் மூடியின் விளிம்பு வழியாக ஆவி சீறும் அல்லவா? அதுபோல எண்ணெய் எல்லா இடுக்குகளிலும் பிதுங்கி வரும். இதைக் கவனிக்காமல் கேஸ்கெட்டை மட்டும் மாற்றினால் புதிய கேஸ்கெட்டும் சில மாதத்தில் கசியத் தொடங்கும். பழி பொருளின்மேல் விழும்.

சோதிப்பது எளிது. பல எஞ்சின்களில் அந்த வால்வைக் கழற்றிக் குலுக்கினால் உள்ளே 'கடகட' என்று சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் அடைத்திருக்கிறது. இன்னொன்று, எஞ்சின் நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும்போது எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து, ஒரு பெரிய தாளைக் கையில் பிடித்தபடி வாயின்மேல் வையுங்கள். தாள் லேசாக ஒட்டிக்கொண்டால் நல்லது. புகையோடு பலமாகத் தூக்கியடித்தால் ஒன்று குழாய் அடைத்திருக்கிறது, அல்லது பிஸ்டன் வளையங்கள் தேய்ந்துவிட்டன. குழாயைச் சுத்தம் செய்த பிறகும் தூக்கியடித்தால் கம்ப்ரெஷன் சோதனை செய்யச் சொல்லுங்கள். ஓவர்ஹால் என்ற பேச்சுக்கு அதன் பிறகுதான் இடம்.

எங்கள் சாகாவில் குழாய் முழுக்க அடைத்திருந்தது. வால்வ் கவர் கேஸ்கெட் கல்லாகியிருந்தது. டிஸ்ட்ரிபியூட்டர் வளையம் உடைந்திருந்தது. மூன்றையும் மாற்றி, எண்ணெயும் ஊற்றி, கூலியோடு 230 ரிங்கிட். கம்ப்ரெஷன் நான்கு சிலிண்டரிலும் சமமாக இருந்தது. பின் சீல் பக்கம் லேசான ஈரம் இன்னும் உண்டு. "அது இருக்கட்டும் அண்ணே, ஓடட்டும்" என்று அப்பாவே சொல்லிவிட்டார். "கிளட்ச் மாத்தும்போது சேர்த்துப் பார்த்துக்கலாம்பா, இப்ப தேவையில்லை" என்று அண்ணனும் தலையாட்டினார். முருகன் படம் மறுநாளே டேஷ்போர்டுக்குத் திரும்பிவிட்டது. யார் வைத்தது என்று நானும் கேட்கவில்லை.

எதை விடலாம், எதை விடக்கூடாது

கசிவில் மூன்று நிலை உண்டு. தொட்டால் விரல் கறுக்கும், ஆனால் சொட்டாது என்றால் அது ஈரம். துடைத்துவிட்டுக் கண்காணித்தால் போதும். அட்டையில் விழுந்தால் துளி. மாதக் கணக்கை எழுதிவைத்துச் சரிசெய்ய நாள் குறியுங்கள். வாரத்துக்கு வாரம் அளவுகோலில் கோடு இறங்கினால் ஒழுகல், உடனே பார்க்க வேண்டும். மோரிஸ் மைனர் போன்ற பழைய பிரிட்டிஷ் கார்களில் எஞ்சினின் பின்பக்கத்தில் ரப்பர் சீலே கிடையாது. எண்ணெயை உள்ளே திருப்பிவிடும் சுருள் வெட்டு மட்டும் உண்டு. அவை ஓரிரு துளி சொட்டுவது பிறவிக் குணம்.

ஆனால் அளவு சிறிதாக இருந்தாலும் விடக்கூடாத இடங்கள் இரண்டு. ஒன்று, சூடான எக்ஸாஸ்ட் குழாயின்மேல் எண்ணெய் விழுவது. சிக்னலில் நிற்கும்போது எண்ணெய் தீயும் வாடையோ, பானட்டிலிருந்து புகையோ வந்தால் அது தீப்பிடிக்கும் ஆபத்து. இரண்டு, டைமிங் பெல்ட்டில் எண்ணெய் படுவது. ரப்பர் ஊறிப்போய் பெல்ட் அறுந்தால் நெடுஞ்சாலையில் எஞ்சின் சட்டென்று நின்றுவிடும். பல எஞ்சின்களில் வால்வும் பிஸ்டனும் மோதி உள்ளேயே நொறுங்கும். ஓடும்போது எண்ணெய் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் வீடு வரை போய்விடலாம் என்று நினைக்காதீர்கள். ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணையுங்கள்.

கசிவை நிறுத்தும் மருந்து என்று பாட்டிலில் விற்பார்கள். காய்ந்த ரப்பரை அது கொஞ்சம் ஊதவைக்கும், சில காலம் தாங்கும். வலி மாத்திரை மாதிரி. கிழிந்த கேஸ்கெட்டை எந்த மருந்தும் தைக்காது.

வடித்த எண்ணெயைப் பற்றியும் ஒரு வார்த்தை. வீட்டிலேயே எண்ணெய் மாற்றுகிறவர்கள் அதை லோங்காங்கில் ஊற்றாதீர்கள். பயன்படுத்திய மசகு எண்ணெய் நம் நாட்டில் 2005ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி அட்டவணையிடப்பட்ட கழிவு. பழைய பாட்டிலில் ஊற்றிப் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.

பட்டறைக்குப் போகும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். அப்பாவைத் தனியாக அனுப்பாதீர்கள். நீங்களும் கூடப் போங்கள். "எஞ்சினைக் கழுவிப் பார்த்தீங்களா? எந்த இடத்திலிருந்து வருதுன்னு காட்ட முடியுமா? பி.சி.வி. பார்த்தீங்களா, கம்ப்ரெஷன் எவ்வளவு?" என்று மரியாதையாகக் கேளுங்கள். நல்ல பட்டறைக்காரர் கோபப்பட மாட்டார், டார்ச்சை எடுத்துக் காட்டுவார். காட்ட முடியாதவரிடம் 4,000 ரிங்கிட் கொடுக்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லை.

இந்த வாரம் வேறொன்றும் செய்ய வேண்டாம். இன்றிரவு ஓர் அட்டையை விரித்துவிட்டுத் தூங்குங்கள். காலையில் அதைக் கையில் எடுத்துக்கொண்டு அப்பாவோடு உட்கார்ந்து ஒரு தே தாரே குடியுங்கள். பேச நிறைய இருக்கும்.